மனிதாபிமான மனு மறுக்கப்பட்ட பின்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மனிதாபிமான, கருணை அடிப்படையில் கனடாவில் நிரந்தர வதிவிடம் கேட்டு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்களிடமிருந்தும் அவர்களுடைய உறவினர்களிடமிருந்தும் தொடர்ச்சியாகக் கடிதங்கள் வருகின்றன. இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களையும் அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டோம்.

கேள்வி: ஐயா, நானும் கணவரும் எங்கள் அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்ட பின்னரும் பல ஆண்டுகளாக இங்கேயே வாழ்ந்து வருகிறோம். பிள்ளைகள் இருவரும் இங்கு பிறந்தவர்கள். இளையவனுக்குப் பேச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் மனிதாபிமான மனு கடந்த வாரம் மறுக்கப்பட்டது. பெடரல் கோர்ட்டுக்குப் போனால் நீதிபதி எங்கள் கதை முழுவதையும் கேட்டு வதிவிட உரிமை கொடுப்பார் என்று மாமா சொல்கிறார். அது உண்மையா? எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது?
— ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: அவகாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். கனடாவுக்குள் எடுக்கப்பட்ட முடிவாயின், அது உங்களுக்கு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சமஷ்டி நீதிமன்றத்தில் (பெடரல் கோர்ட்) அந்த முடிவை மீளாய்வு செய்ய அனுமதி கோரும் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் 50 டொலர். கடிதம் இணையக் கணக்கிற்கோ உங்கள் பிரதிநிதியின் மின்னஞ்சலுக்கோ வந்திருந்தால், நீங்கள் அதைத் திறந்து வாசித்த நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்கும் என்று எண்ணியிருக்காதீர்கள். ஒரு வாரம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. இந்தப் பதிலை வாசித்து முடித்தவுடன் சட்டத்தரணி ஒருவரை அழையுங்கள்.

நாள் கடந்துவிட்டால் கதவு முழுதாக அடைபட்டுவிடுவதில்லை. கால நீட்டிப்பை அதே விண்ணப்பத்திலேயே கேட்கலாம். ஆனால் வழக்குத் தொடரும் எண்ணம் தொடர்ந்து இருந்தது, வழக்கில் சாரம் இருக்கிறது, தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் உண்டு, எதிர்த்தரப்புக்கு அதனால் பாதிப்பு இல்லை என்பவற்றை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். அந்தச் சுமையை வலிந்து தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இனி மாமா சொன்னதற்கு வருவோம். அவர் அன்பினால் சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொல்வது மேன்முறையீடு. நீங்கள் கேட்கப்போவதோ நீதித்துறை மீளாய்வு. குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 25(1) பிரிவின் கீழ் வழக்கமான குடிவரவு நிபந்தனைகளிலிருந்து உங்களுக்கு விலக்களிப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அமைச்சருக்கும் அவர் சார்பில் செயற்படும் அலுவலருக்கும் உரியது. நீதிபதி அந்த நாற்காலியில் அமர்வதில்லை. அலுவலர் நியாயமான முறையில் நடந்துகொண்டாரா, அவர் எழுதிய காரணங்கள் அவர் முன்னிருந்த சான்றுகளுக்கும் சட்டத்துக்கும் முகம் கொடுத்திருக்கின்றனவா என்பதை மட்டுமே அவர் பார்ப்பார். பிழை இருந்தால் முடிவை இரத்துச் செய்து, பொதுவாக வேறொரு அலுவலரிடம் திருப்பி அனுப்புவார். வதிவிட உரிமையை அவர் கையெழுத்திட்டுக் கொடுப்பதில்லை.

அந்த விசாரணைக்கும் நேரடியாகப் போய்விட முடியாது. முதற்கட்டத்தில் ஒரு நீதிபதி உங்கள் தரப்பு வாதங்களையும் அமைச்சுத் தரப்பு வாதங்களையும் காகிதத்தில் வாசித்து அனுமதி அளிப்பதா மறுப்பதா என்று முடிவு செய்வார். நீங்கள் அவர் முன் தோன்றுவதில்லை. அனுமதி மறுக்கப்பட்டால் பெரும்பாலும் காரணம் எழுதப்படாது, அதை எதிர்த்து மேன்முறையீடும் கிடையாது. பல குடும்பங்கள் ஒரு வரியில் வரும் அந்தப் பதிலைப் பார்த்து நிலைகுலைந்து போகின்றன. அதனால்தான் முதற்கட்டத்துக்கான சத்தியக்கடதாசியும் எழுத்து வாதமும் அடங்கிய விண்ணப்பதாரர் பதிவேட்டில் முழுக் கவனத்தையும் செலுத்த வேண்டும். அதைத் தாக்கல் செய்ய விதிகள் தரும் அவகாசம் 30 நாட்கள். வழக்குகள் குவிந்ததால் 2025 மே மாதத்தில் நீதிமன்றம் சிறப்பு ஏற்பாடாக அதை 75 நாட்களாக நீட்டியது. உங்கள் வழக்குக்கு இன்று எது பொருந்தும் என்பதைப் பதிவகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். முதல் 15 நாட்கள் இந்த நீட்டிப்பில் அடங்காது. அனுமதி கிடைத்தால் 30 நாளுக்கு முந்தாமலும் 90 நாளுக்குப் பிந்தாமலும் விசாரணைக்கு நாள் குறிக்கப்படும்.

அப்படியானால் உங்கள் கதைக்கு எங்கே இடம் என்று கேட்பீர்கள். அலுவலரின் காரணங்களுக்குள்தான். மறுப்புக் கடிதம் ஒரு பக்கமாக இருக்கலாம். உண்மையான காரணங்கள் அதனுடன் வரும் தனிக் குறிப்பில் பல பக்கங்களாக இருக்கும். அது வந்து சேராவிட்டால், வழக்குத் தாக்கலான பின் நீதிமன்றப் பதிவகம் அதை அமைச்சிடம் கேட்டுப் பெறும். அதில் பிள்ளைகளைப் பற்றிய பந்தியை எடுத்து மெதுவாக வாசியுங்கள். பிள்ளைகள் சிறு வயதினர், பெற்றோருடன் செல்வார்கள், புதிய சூழலுக்குப் பழகிக்கொள்வார்கள் என்ற பொருளில் மூன்று நான்கு வரிகள் இருக்கக்கூடும், இது மறுப்புகளில் அடிக்கடி வரும் வாசகம். அதற்குப் பக்கத்தில் நீங்கள் மனுவோடு இணைத்த பேச்சுப் பயிற்சியாளரின் கடிதத்தை வையுங்கள். பயிற்சி இடையில் நின்றால் மகனுடைய மொழி வளர்ச்சி பின்தங்கும் என்று அவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அலுவலர் அந்தக் கடிதத்தைத் தொடவேயில்லை என்றாலோ, "கடிதம் கவனிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்திருந்தாலோ உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இந்த நிலைப்பாட்டுக்குப் பின்னால் மேவிஸ் பேக்கர் என்ற பெண்ணின் வழக்கு நிற்கிறது. ஜமேக்காவிலிருந்து 1981இல் வந்து, பல ஆண்டுகள் வீட்டுப் பணியாளராக உழைத்து, இங்கே நான்கு பிள்ளைகளைப் பெற்று, பின்னர் மனநோய்க்கு ஆளானவர் அவர். அவருடைய மனிதாபிமான மனுவை மறுத்தபோது அலுவலர் எழுதிய குறிப்பில், அவருக்கு எத்தனை பிள்ளைகள், அவர் எவ்வளவு காலம் சமூகநலத் திட்டத்துக்குச் சுமையாக இருப்பார் என்ற எரிச்சல் வெளிப்படையாகத் தெரிந்தது. 1999 யூலையில் கனடிய உச்ச நீதிமன்றம் அந்த முடிவை இரத்துச் செய்தது. நீதியரசர் கிளேர் லூரூ-துபே எழுதிய தீர்ப்பு, இத்தகைய முடிவுகளுக்குக் காரணம் கூறப்பட வேண்டும், முடிவெடுப்பவர் பக்கச்சார்பு அற்றவராக இருக்க வேண்டும், பிள்ளைகளின் நலனை விழிப்போடும் உணர்வோடும் நோக்க வேண்டும் என்று நிலைநாட்டியது. பிள்ளைகளின் நலன் எப்போதும் மற்றவற்றை வென்றுவிடும் என்று அது சொல்லவில்லை. ஆனால் அந்த நலனைச் சிறுமைப்படுத்தும் முடிவு நியாயமற்றது என்று சொல்லிற்று. 2019 டிசம்பரில் அதே நீதிமன்றம் வழங்கிய வவிலோவ் தீர்ப்பு இன்னும் ஒரு படி சென்று, ஒருவருடைய வாழ்வின் மீது முடிவின் தாக்கம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு அதன் காரணங்களும் அவருக்குப் பதில் சொல்வனவாக இருக்க வேண்டும் என்றது. உங்கள் சட்டத்தரணி இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த நான்கு வரிப் பந்தியை அணுகுவார்.

இன்னொரு பந்தியையும் பாருங்கள். நீண்ட காலம் வேலை செய்தீர்கள், வரி கட்டினீர்கள், கோவிலிலும் பாடசாலையிலும் தொண்டு செய்தீர்கள் என்று காட்டியிருப்பீர்கள். இவ்வளவு திறமையுள்ளவர்கள் ஊரிலும் எளிதில் வேரூன்றிவிடுவார்கள் என்று அலுவலர் எழுதியிருந்தால், உங்கள் உழைப்பே உங்களுக்கு எதிராகத் திருப்பப்பட்டிருக்கிறது. 2012இல் ஸெபே வழக்கில் சமஷ்டி நீதிமன்றம், ஒருவர் இங்கே வேரூன்றியதைத் தள்ளிவிட்டுப் போகாமல், அதன் அளவையும் அது அறுபடுவதன் விளைவையும் எடைபோட வேண்டும் என்று கூறியிருக்கிறது.

கேள்வி: வணக்கம். நான் வன்னியிலிருந்து வந்தவன். தடுத்துவைத்து விசாரிக்கப்பட்டவன். உளவியலாளர் ஒருவரின் அறிக்கையைக் கொடுத்திருந்தேன். அலுவலர், நோய் இருப்பதை ஏற்பதாகவும் ஆனால் நான் சிகிச்சை பெற்றதற்கு ஆதாரம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். மேலும், இவை அகதிச் சபையில் ஏற்கெனவே தீர்க்கப்பட்ட விடயங்கள் என்கிறார். என்னால் எதுவும் செய்ய முடியாதா?
— பிரம்டன் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது, உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் தீர்த்த கந்தசாமி வழக்கை மறுபடியும் வாசிப்பது போலிருந்தது. அந்த வழக்கின் நாயகரும் வடஇலங்கைத் தமிழர். இராணுவமும் பொலிசாரும் பிடித்து விசாரித்ததால் அஞ்சிய குடும்பம், அவரை 16 வயதில், 2010 ஏப்ரலில், இங்குள்ள மாமாவிடம் அனுப்பிவைத்தது. அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டது, மனிதாபிமான மனுவும் மறுக்கப்பட்டது, கீழ்நீதிமன்றங்கள் இரண்டும் அந்த மறுப்பைச் சரி என்றன. உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை அவற்றை மாற்றியது.

நீதியரசர் ரோசலி அபெல்லா அதில் சொன்னவற்றுள் மூன்று உங்களுக்கு நேராகப் பொருந்தும். முதலாவது, உளவியல் அறிக்கையின் நோய்நிர்ணயத்தை ஏற்றுக்கொண்ட அலுவலர், சிகிச்சை பெற்றாரா, ஊரில் சிகிச்சை கிடைக்குமா என்று மேலும் ஆதாரம் கேட்டு அந்த நோயின் எடையைக் குறைக்கக் கூடாது. திருப்பி அனுப்பப்படுவதே ஒருவரின் மனநிலையைச் சிதைக்கும் என்றால், அதுவே கருதப்பட வேண்டிய துன்பம். உளவியலாளர் சம்பவத்தை நேரில் பார்க்கவில்லை என்பதும் அறிக்கையைத் தள்ளுவதற்குக் காரணமாகாது, ஏனெனில் எந்த உளவியலாளரும் அதை நேரில் பார்த்திருப்பது அரிது.

இரண்டாவது, அகதிச் சட்டத்தோடான தொடர்பு. 25 (1.3) பிரிவு, அகதி நிலைக்கான 96, 97ஆம் பிரிவுகளின் அளவுகோல்களை மனிதாபிமான மனுவில் மீண்டும் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஆனால் அந்த நிகழ்வுகளை மறந்துவிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதே உண்மைகள் ஒருவருக்கு எத்தகைய துன்பத்தை உண்டாக்கும் என்ற கோணத்தில் அலுவலர் அவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். அகதிச் சபை தீர்த்துவிட்டது என்று மட்டும் எழுதி அவர் நிறுத்தியிருந்தால் அது வலுவான வாதப் பொருள்.

மூன்றாவது, பாகுபாடு. ஊரில் தமிழ் இளைஞர்கள் எதிர்கொள்வதைக் காட்டும் பொது அறிக்கைகளைக் கொடுத்தால், உங்களுக்கே தனிப்பட நடந்ததை நிரூபியுங்கள் என்று அலுவலர் கேட்கக் கூடாது. நீங்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதும் அந்தக் கூட்டம் எப்படி நடத்தப்படுகிறது என்பதும் சேர்ந்தே ஒரு நியாயமான ஊகத்துக்கு இடம் தருகின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே தீர்ப்பு, கனடாவை விட்டுப் போவதில் யாருக்கும் ஓரளவு துன்பம் இருக்கும், அது மட்டுமே போதாது, இந்தப் பிரிவு மாற்றுக் குடிவரவு வழியாக வகுக்கப்படவில்லை என்றும் கூறுகிறது. அமைச்சுத் தரப்புச் சட்டத்தரணி அந்த வரியைத் தவறாமல் எடுத்துக்காட்டுவார். உங்கள் மனுவில் அந்த "ஓரளவு" எங்கே தாண்டப்படுகிறது என்பதை உங்கள் தரப்பு தெளிவாகக் காட்ட வேண்டும்.

கேள்வி: எங்கள் மனுவை நிரப்பித் தந்த குடிவரவு ஆலோசகரே கோர்ட்டிலும் எல்லாவற்றையும் செய்து தருவதாகச் சொல்கிறார். செய்ய விடலாமா?
— மார்க்கம் வாசகர்

பதில்: வேண்டாம். உரிமம் பெற்ற ஆலோசகர் அமைச்சின் முன் உங்களுக்காகச் செயற்படலாம். சமஷ்டி நீதிமன்றத்தில் நீங்களே தோன்றலாம் அல்லது சட்டத்தரணி தோன்றலாம். உங்கள் பெயரில் பத்திரங்களை எழுதிக் கொடுத்துவிட்டு ஆலோசகர் பின்னால் நிற்பது ஆபத்தானது, பிழை நேர்ந்தால் கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்கும். கையில் பணம் இல்லையென்றால் ஒன்ராறியோ சட்ட உதவி நிறுவனத்தை உடனே தொடர்புகொள்ளுங்கள். அவர்களுடைய பதில் வருவதற்காக 15 நாளைக் கழியவிடாதீர்கள்.

கேள்வி: மனிதாபிமான மனு மறுக்கப்பட்டு, கோர்ட்டில் விண்ணப்பமும் போட்டுவிட்டோம். ஆனால் எல்லைச் சேவைகள் முகமை அடுத்த மாதம் விமான நாள் குறித்திருக்கிறது. வழக்கு இருக்கும்போது எப்படி அனுப்பலாம்?
— மொன்றியல் வாசகர்

பதில்: அனுப்பலாம் என்பதே கசப்பான பதில். அகதி மேன்முறையீட்டுப் பிரிவின் மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் பலருக்கு வெளியேற்றம் தானாகவே நிறுத்தப்படுகிறது. மனிதாபிமான மனுவுக்கு அப்படி இல்லை. மனு நிலுவையில் இருந்தாலும் சரி, அதன் மறுப்பு நீதிமன்றத்தில் இருந்தாலும் சரி, வெளியேற்ற ஆணை நடைமுறைக்கு வரும். இந்த வேறுபாடு தெரியாமல் பலர் பெட்டி கட்டும் நாள்வரை நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, வெளியேற்றும் அலுவலரிடம் ஒத்திவைப்புக் கேட்பது. அவருடைய அதிகாரம் குறுகியது. பிள்ளையின் பாடசாலை ஆண்டு முடிவது, குறித்த நாளில் உள்ள அறுவைச் சிகிச்சை போன்ற குறுகிய காலத் தேவைகளுக்குத்தான் பொதுவாக இடம் உண்டு. மற்றது, நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கோருவது. 1988இல் தோத் வழக்கில் வகுக்கப்பட்ட மூன்று படிகளையும் கடக்க வேண்டும்: வாதத்தில் விசாரிக்கத்தக்க விடயம் இருப்பது, அனுப்பப்பட்டால் ஈடுசெய்ய முடியாத தீங்கு நேர்வது, தடை கொடுப்பதா மறுப்பதா என்பதில் யாருடைய பாதிப்பு அதிகம் என்று எடைபோடும்போது தட்டு உங்கள் பக்கம் சாய்வது. இரண்டாவது படியில்தான் பெரும்பாலான மனுக்கள் வழுக்குகின்றன. குடும்பம் பிரிவதன் வேதனை உண்மையானது என்றாலும், வெளியேற்றத்தோடு இயல்பாக வருவது என்று நீதிமன்றம் அதைக் கருதக்கூடும். மருத்துவரின் கடிதம், பிள்ளையின் நிலை பற்றிய நிபுணர் அறிக்கை போன்ற குறிப்பான சான்றுகள் வேண்டும். கடைசி நேர மனுக்களை நீதிமன்றம் விரும்புவதில்லை, எனவே நாள் குறித்த கடிதம் கைக்கு வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். எக்காரணத்தைக் கொண்டும் சந்திப்புக்குப் போகாமல் தலைமறைவாக இருக்காதீர்கள். நீதிமன்றத்தின் பரிவை அதைவிட விரைவாக இழக்கச் செய்வது வேறொன்றில்லை.

கேள்வி: மறுப்பு வந்த பிறகுதான் மகளுக்கு மன இறுக்கம் (ஓட்டிசம்) இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்தார். இந்த அறிக்கையை நீதிபதியிடம் கொடுக்கலாமா?
— அஜக்ஸ் வாசகி

பதில்: பொதுவாக முடியாது, அம்மா. முடிவெடுத்த அன்று அலுவலர் முன் இருந்த கோப்பைத்தான் நீதிமன்றம் பார்க்கும். நடைமுறையில் அநீதி நடந்தது என்பதைக் காட்டுவதற்கும் பின்னணியை விளக்குவதற்கும் மட்டும் சிறு விலக்குகள் உண்டு. அலுவலரிடம் இல்லாத ஒன்றைப் பார்க்கவில்லை என்று அவரைக் குறைகூற முடியாதல்லவா?

ஆனால் இந்த அறிக்கை வீணாகாது. அதை இணைத்து, முடிவை மீள்பரிசீலிக்குமாறு அமைச்சுக்கு எழுதலாம். அவர்கள் ஏற்பது கட்டாயமில்லை, அப்படி எழுதியதால் 15 நாள் நின்றுவிடுவதுமில்லை, எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். புதிய மனிதாபிமான மனு ஒன்றையும் தாக்கல் செய்யலாம். ஒரு மனு நிலுவையில் இருக்கும்போது இன்னொன்றை அவர்கள் பரிசீலிக்க மாட்டார்கள், உங்களுடையது முடிந்துவிட்டதால் அந்தத் தடை இல்லை. அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டவர்களுக்கு இருக்கும் 12 மாதத் தடையும், நேரடியாகப் பாதிக்கப்படும் பிள்ளையின் நலனை முன்னிட்டு விலக்கப்படக்கூடியது. உங்கள் மகளின் நிலை அந்த விலக்கு எதற்காக எழுதப்பட்டதோ அதற்குள் வருகிறது என்பது என் கருத்து.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். கனடாவுக்கு வெளியிலிருந்து செய்த மனு மறுக்கப்பட்டது. எனக்கும் 15 நாள்தானா?

பதில்: வெளிநாட்டில் எடுக்கப்பட்ட முடிவென்றால் 60 நாட்கள். எங்கே எடுக்கப்பட்டது என்பதைக் கடிதத்திலிருந்து உங்கள் சட்டத்தரணி உறுதிசெய்ய வேண்டும். ஐயம் இருந்தால் 15 நாளுக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

கேள்வி: எங்களுக்கு இன்னும் மறுப்புக்கூட வரவில்லை. ஆண்டுக்கணக்காகப் பதிலே இல்லை. கோர்ட் அவர்களை விரட்டுமா?
— மிசிசாகா வாசகர்

பதில்: முடிவெடுக்கும்படி கட்டளையிடக் கோரி நீதிமன்றத்தை நாடலாம், அதற்கும் அனுமதிக் கட்டம் உண்டு. அந்த வகை மனுவுக்கு இயல்பாகத் தேவைப்படும் காலத்தைவிட உங்கள் தாமதம் நீண்டதாக இருக்க வேண்டும், தாமதத்துக்கு நீங்கள் காரணமாக இருக்கக் கூடாது, அமைச்சு திருப்தியான விளக்கம் தந்திருக்கவும் கூடாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: கட்டளை, முடிவெடுங்கள் என்றுதான் சொல்லும், நல்ல முடிவை எடுங்கள் என்று சொல்லாது. கோப்பில் உள்ள பழைய கடிதங்களைப் புதுப்பிக்காமல் விரட்டினால் பழைய சான்றுகளின் மீதே முடிவு வந்து விழும்.

கேள்வி: அனுமதி கோரிய சில வாரங்களில், அமைச்சுத் தரப்புச் சட்டத்தரணி மனுவை வேறொரு அலுவலரிடம் திருப்பி அனுப்பச் சம்மதிப்பதாகவும் நாங்கள் வழக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். இது பொறியா? நீதிபதி முன் போராடி வெல்வது மேலானதல்லவா?
— ரொறன்ரோ வாசகர்

பதில்: பொறி அல்ல. முடிவில் உள்ள பிழையை எதிர்த்தரப்பே கண்டுகொண்டால் இப்படி நடப்பதுண்டு. நீதிபதி முன் வென்றாலும் பெரும்பாலும் கிடைக்கப்போவது இதுவேதான்: வேறு அலுவலர், புதிய முடிவு. எனவே பெரும்பாலான வேளைகளில் ஏற்பது நல்லது என்பேன். ஆனால் கையெழுத்திடுமுன் சிலவற்றை எழுத்தில் பெறுங்கள். முந்தைய அலுவலர் மீண்டும் பார்க்க மாட்டார் என்பது, புதிய ஆவணங்களைச் சேர்க்க உங்களுக்குப் போதிய நாள் தரப்படும் என்பது, மறுபரிசீலனை முடியும்வரை வெளியேற்றம் பற்றி என்ன நிலைப்பாடு என்பது ஆகியவை அதில் இருக்கட்டும். மூன்றாவதைக் கேட்டாலும் தராமல் போகலாம், கேட்காவிட்டால் நிச்சயம் கிடைக்காது.

அதன்பின் அந்த அவகாசத்தைச் சரியாகப் பயன்படுத்துங்கள். நீதிமன்றத்தில் கொடுக்க முடியாமற்போன எல்லாவற்றுக்கும் இப்போது கதவு திறந்திருக்கிறது: பிள்ளைகளின் இந்த ஆண்டுப் பள்ளி அறிக்கை, புதிய மருத்துவக் கடிதம், கடந்த வரி மதிப்பீடு, வேலைத்தலத்தின் கடிதம், ஊரில் உங்களை ஏற்க யாரும் இல்லையென்றால் அதற்கான விளக்கம். "நல்ல மனிதர், கடின உழைப்பாளி" என்று ஒரே அச்சில் வார்த்த பத்துக் கடிதங்களைவிட, உங்கள் மகன் வகுப்பில் எப்படிப் பேசத் தொடங்கினான் என்று ஆசிரியர் எழுதும் ஒரு பக்கம் அலுவலரை நிறுத்தி வாசிக்க வைக்கும். முதல் அலுவலர் எந்த இடத்தில் தவறினார் என்பதையும் அந்த இடத்துக்கு உங்கள் சான்று எது என்பதையும் குறித்து, உங்கள் சட்டத்தரணியின் முகப்புக் கடிதம் ஒன்றை மேலே வையுங்கள். இரண்டாம் முறையும் மறுப்பு வந்தால், அந்தக் கடிதத்துக்கு அலுவலர் என்ன பதில் எழுதினார் என்பதே அடுத்த 15 நாள் வழக்கின் முதற்பக்கமாக இருக்கும்.